தின் லன்னில் ஆரக்கிள் ஏஎஸ்எம்: காலி இடம் எங்கே போய் ஒளிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரக்கிள் டேட்டாபேஸ் ஏஎஸ்எம்மில் (பல டிஸ்குகளை டிஸ்க் குரூப் என்ற ஒரே தொகுப்பாக்கி நிர்வகிக்கும் ஆரக்கிளின் அடுக்கு) இருக்கிறது, அதற்குக் கீழே ஸ்டோரேஜ் அரே (பூல் என்ற பொது இருப்பிலிருந்து சர்வர்களுக்கு இடம் தரும் சேமிப்புப் பெட்டி) கொடுத்த தின் லன்கள் (அரே சர்வருக்கு டிஸ்க்காகக் காட்டும் பங்குகள்) இருக்கின்றன என்றால், டேட்டாபேஸை நிர்வகிக்கும் டிபிஏவுக்கும் ஸ்டோரேஜ் குழுவுக்கும் ஒரு சண்டை நிச்சயம். "என் டிஸ்க் குரூப்பில் 3 டிபி காலியாகக் கிடக்கிறது" என்பார் டிபிஏ. "பூல் 91 சதவீதத்தில் நிற்கிறது, யார் இப்படி எழுதித் தள்ளுகிறீர்கள்?" என்பார் ஸ்டோரேஜ்காரர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இருவரும் வேறுவேறு கணக்கைப் பார்க்கிறார்கள், அவ்வளவே. அந்தக் கணக்குகள் எங்கே பிரிகின்றன, மறுபடி எப்படி ஒட்டவைப்பது என்பதைப் பற்றித்தான் கீழே உள்ள கேள்விகள்.

தின் லன் என்பது சாதாரண லன்னிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரண லன்னில் 500 ஜிபி கேட்டால் அரே 500 ஜிபியை அன்றே ஒதுக்கிவிடும். தின் லன்னில் சர்வருக்கு 500 ஜிபி என்று காட்டும். உள்ளே எதையும் ஒதுக்காது. எந்த முகவரியில் முதன்முதலாக எழுதுகிறீர்களோ, அந்த முகவரிக்கான பேஜை (அரே இடம் ஒதுக்கும் சிறு துண்டு) மட்டும் பொதுப் பூலிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இந்த உத்தியைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது த்ரீபார் நிறுவனம். 2010-இல் ஹெச்பி அதை வாங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா அரேக்களிலும் தின்தான் இயல்பு நிலை, திக் (முழு இடத்தையும் முன்பே ஒதுக்கும் சாதாரண லன்) வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

பூலில் 25 டிபி மட்டும் இருக்க, சர்வர்களுக்கு மொத்தம் 60 டிபி காட்டலாம். வசதி அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான்.

டிஸ்க் குரூப் உருவாக்கும்போதே ஏஎஸ்எம் எல்லா இடத்தையும் தொட்டுவிடுமா?

தொடாது. டிஸ்க் ஹெடர், அலொகேஷன் டேபிள், தன் உள் டைரக்டரிகள் என்று கொஞ்சம் மெட்டாடேட்டா மட்டும் எழுதும். 500 ஜிபி வீதம் 10 லன் கொடுத்து 5 டிபி டிஸ்க் குரூப் உருவாக்கினாலும் அரே பக்கம் ஏறுவது மிகச் சொற்பம். இந்த இடத்தில் ஏஎஸ்எம்மைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் டேட்டாஃபைல் உருவாக்கும்போது? உள்ளே ஒரு வரிசைகூட இல்லையே!

வரிசை இல்லாவிட்டாலும் ஃபைலின் முழு அளவும் போய்விடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

டேட்டாஃபைல் உருவாகும்போது ஆரக்கிள் அதன் ஒவ்வொரு பிளாக்கையும் ஃபார்மேட் செய்து எழுதுகிறது. ஒரு காலி 8 கேபி பிளாக்கைத் திறந்து பார்த்தால், பெரும்பகுதி பூஜ்யம்தான். ஆனால் தலைப்பகுதியில் பிளாக்கின் வடிவக் குறியீடு, அது எந்த ஃபைலில் எத்தனையாவது பிளாக் என்ற முகவரி, செக்சம் ஆகியவை இருக்கும். கடைசி நான்கு பைட்டுகளில் தலைப்பகுதியோடு ஒத்துப்பார்க்கும் வால்குறி இருக்கும். ஆக, முழுக்கப் பூஜ்யமான பிளாக் ஒன்றுகூடக் கிடையாது.

"எங்கள் அரேயில் ஜீரோ டிடெக்ட் உண்டு, பூஜ்யம் வந்தால் இடம் ஒதுக்காது" என்று சொல்லி நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். த்ரீபாரின் 16 கேபி பேஜ் ஒன்றில் இரண்டு 8 கேபி பிளாக் உட்காரும். இரண்டிலும் ஹெடர் இருக்கும். அரேயின் கண்ணுக்கு அது உண்மையான டேட்டா. இன்லைன் கம்ப்ரஷன் உள்ள அரேயில் இந்தக் காலி பிளாக்குகள் நன்றாகச் சுருங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

எனவே "பிறகு தேவைப்படும்" என்று 32 ஜிபி அளவில் 30 டேட்டாஃபைலை முதல் நாளே உருவாக்கி வைக்கும் பழைய பழக்கம் தின் லன்னில் வேலைக்கு ஆகாது. முதல் நாளே பூலில் 960 ஜிபி போய்விடும். சிறிய அளவில் தொடங்கி, ஆட்டோஎக்ஸ்டெண்டைப் போட்டு, அடுத்த அதிகரிப்பை ஒரு ஜிபி போல நியாயமான அளவில் வையுங்கள். அதிகரிப்பு மிகச் சிறியதாக இருந்தால் லோடு நேரத்தில் ஒவ்வொரு முறையும் செஷன்கள் ஃபைல் வளரும்வரை காத்திருக்கும்.

டெம்ப், ரீடூ, ஆர்க்கைவ் எப்படி?

டெம்ப்ஃபைல் (சார்ட் போன்ற தற்காலிக வேலைக்கான ஃபைல்) உருவாகும்போது முழுக்க ஃபார்மேட் ஆகாது. பயன்படப் பயன்படத்தான் அரேயில் இடம் ஏறும். ஆனால் ஒருமுறை ஒரு மோசமான கொயரி 200 ஜிபி சார்ட் செய்துவிட்டால், அந்த 200 ஜிபி அரேயில் நிலையாகத் தங்கிவிடும். ரீடூ லாக் (மாற்றங்களின் பதிவு) அளவு நிலையானது, அதையே சுற்றிச் சுற்றி எழுதும், கவலையில்லை. அதன் சேமித்த நகலான ஆர்க்கைவ் லாக்தான் தலைவலி. தினமும் எழுதி, தினமும் அழிக்கும் டிஸ்க் குரூப்பில், அழித்த இடத்திலேயேதான் அடுத்த லாக் வந்து உட்காரும் என்று ஏஎஸ்எம் உறுதி தருவதில்லை. ஆர்க்கைவ் டிஸ்க் குரூப் ஒருநாள் முழு அளவையும் தின்றுவிடும் என்றே கணக்குப் போடுங்கள். அங்கே பெரிய தின் லன் கொடுப்பதில் மிச்சம் எதுவும் இல்லை. தேவையான அளவுக்கே லன் கொடுத்துவிடலாம்.

ஏஎஸ்எம் எல்லா டிஸ்கிலும் பரப்பி எழுதுகிறதே, அது தின்னுக்கு எதிரானதில்லையா?

இல்லை. ஒவ்வொரு ஃபைலையும் அலொகேஷன் யூனிட் என்ற துண்டுகளாக்கி, டிஸ்க் குரூப்பில் உள்ள எல்லா டிஸ்கிலும் சம விகிதத்தில் வைக்கிறது. அந்தத் துண்டு நீண்ட காலம் இயல்பாக 1 எம்பி, 12.2 முதல் 4 எம்பி. பரப்பி வைப்பதால் 10 லன்களும் ஒரே வேகத்தில் வளரும். ஆனால் 1.2 டிபி எழுதினால் அரேயில் 1.2 டிபிதான் ஏறும், 5 டிபி ஏறாது. வளரும் டேட்டாபேஸுக்குத் தின்னும் ஏஎஸ்எம்மும் நல்ல ஜோடி. பிரச்சினை எல்லாம் சுருங்கும்போதுதான்.

500 ஜிபி பழைய டேட்டாவை அழித்தேன். அரேயில் ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லை. ஏன்?

நிலத்தை விற்றாயிற்று, பட்டா இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது, அந்தக் கதைதான். அழித்த செய்தி நான்கு படிகள் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் அதைக் கையால் தள்ளிவிட வேண்டும், தானாக இறங்காது.

முதல் படி, டேபிள். டெலீட் செய்தால் வரிசைகள் போகும். பிளாக்குகள் அந்த டேபிளுக்கே சொந்தமாக இருக்கும். டேபிளை ஷ்ரிங்க் செய்தாலோ மூவ் செய்தாலோதான் டேபிள்ஸ்பேஸுக்குள் அவை காலி ஆகும். ட்ராப் செய்தால் நேரடியாகக் காலி ஆகும். அதிலும் பர்ஜ் போடாவிட்டால் டேபிள் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது படி, டேட்டாஃபைல். டேபிள்ஸ்பேஸுக்குள் 500 ஜிபி காலி என்பதால் ஃபைல் சிறிதாகிவிடாது. ரீசைஸ் கொடுத்துச் சுருக்க வேண்டும். ஃபைலின் கடைசியில் எங்கோ ஒரு சின்ன இண்டெக்ஸ் உட்கார்ந்திருந்தால், அதற்குக் கீழே சுருக்க முடியாது என்று ஓஆர்ஏ-03297 வரும். அந்த இண்டெக்ஸை நகர்த்திவிட்டு மறுபடி முயல வேண்டும். முழு டேபிள்ஸ்பேஸையும் டேட்டாஃபைலோடு ட்ராப் செய்ய முடிந்தால் இந்தப் படியில் சிக்கல் இல்லை. பார்ட்டிஷன்களை வருடத்துக்கு ஒரு டேபிள்ஸ்பேஸ் என்று பிரித்து வைத்தவர்கள் இந்த இடத்தில் தப்பித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது படி, ஏஎஸ்எம். ஃபைல் சுருங்கியதும் அந்த அலொகேஷன் யூனிட்டுகளைக் காலி என்று தன் மெட்டாடேட்டாவில் குறித்துக்கொள்ளும். வி$ஏஎஸ்எம்_டிஸ்க்குரூப் வியூவில் காலி எம்பி உடனே ஏறும். இதைப் பார்த்துத்தான் டிபிஏ "இடம் வந்துவிட்டது" என்று மெயில் போடுவார்.

நான்காவது படி, அரே. ஏஎஸ்எம் தன் குறிப்பேட்டில் எழுதியது அரேக்குத் தெரியாது. அந்தப் பேஜ்களில் முன்பு எழுதப்பட்டது, இன்னும் எழுதப்பட்டபடியே இருக்கிறது. "இந்த முகவரிகள் இனி வேண்டாம்" என்று ஸ்கசி அன்மேப் கட்டளை வர வேண்டும். அல்லது ஜீரோ டிடெக்ட் உள்ள அரே என்றால் அங்கே பூஜ்யம் எழுதப்பட வேண்டும். இரண்டும் நடக்காதவரை பூல் மீட்டர் அசையாது.

ரீபேலன்ஸ் ஓட்டினால் திரும்பிவிடாதா?

சும்மா ரீபேலன்ஸ் (டிஸ்குகளுக்கிடையே டேட்டாவைச் சமமாக மறுபடி பரப்பும் வேலை) ஓட்டினால் அரேயில் இடம் குறையாது. சில நேரம் கூடவும் செய்யும். ரீபேலன்ஸின் கடைசியில் காம்பேக்ட் என்று ஒரு கட்டம் உண்டு. டேட்டாவை டிஸ்கின் தொடக்கப் பக்கத்துக்கு நகர்த்தி நெருக்கி வைக்கும். சுழலும் டிஸ்கில் வெளிவட்டம் வேகமானது என்பதால் வந்த ஏற்பாடு இது. அரே லன்னில் வேக லாபம் எதுவும் கிடையாது. ஆனால் இடத்தை மீட்க இது உதவும்: காலி இடம் அங்கங்கே சிதறிக் கிடக்காமல், டிஸ்கின் பின்பகுதியில் ஒரே துண்டாகச் சேரும். அந்தத் துண்டை அரேயிடம் ஒப்படைக்கும் வேலை இதற்குப் பிறகுதான் வரும்.

ஏஎஸ்ஆர்யூ என்று ஒரு கருவி சொல்கிறார்களே?

ஆரக்கிளும் த்ரீபாரும் சேர்ந்து கொண்டுவந்த ஸ்டோரேஜ் ரீக்ளமேஷன் யூட்டிலிட்டி அது, பெர்ல் ஸ்கிரிப்ட். அது செய்வது மூன்று வேலை. முதலில் டிஸ்குகளின் அளவை ஏஎஸ்எம் கணக்கில் தற்காலிகமாகக் குறைத்து, டேட்டாவை முன்பக்கம் நெருக்கும்; வளர்ச்சிக்குச் சிறிது இடம் விட்டுவைக்கும். அடுத்து, மீதமிருக்கும் பின்பகுதி முழுக்கப் பூஜ்யம் எழுதும். கடைசியில் டிஸ்குகளைப் பழைய அளவுக்கு விரிக்கும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு, அதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும்: உங்கள் அரேயில் ஜீரோ டிடெக்ட் இல்லையென்றால், இந்தக் கருவி இடத்தை மீட்காது. இதுவரை தொடாத பகுதிகளிலும் பூஜ்யத்தை எழுதி, தின் லன்னை முழுத் திக் லன்னாக மாற்றிவிடும். 3 டிபி மீட்கப் போய் 3 டிபி கூடுதலாகத் தின்னும். ஓட்டுவதற்கு முன் ஸ்டோரேஜ் குழுவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் முறை ஒரு சின்ன டெஸ்ட் டிஸ்க் குரூப்பில் ஓட்டி, பூல் மீட்டர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று: டிஸ்க் சுருங்கியிருக்கும் நேரத்தில் பெரிய லோடு வந்தால் ஓஆர்ஏ-15041, அதாவது டிஸ்க் குரூப்பில் இடமில்லை என்ற எரர் வரலாம். மாத முடிவு ஜாப் ஓடும் இரவில் இதைத் தொடாதீர்கள்.

12.2-க்குப் பிறகு ஏஎஸ்எம்மே அன்மேப் அனுப்புமாமே?

அனுப்பும், நிபந்தனைகளோடு. டிஸ்க் குரூப்புக்குத் தின் ப்ரொவிஷண்ட் என்று ஒரு ஆட்ரிபியூட் வந்தது; அதன் இயல்பு மதிப்பு ஃபால்ஸ். ட்ரூ ஆக்க வேண்டும். லினக்ஸாக இருக்க வேண்டும். டிஸ்குகள் ஏஎஸ்எம் ஃபில்டர் டிரைவர் வழியாக வர வேண்டும். பழைய ஏஎஸ்எம்லிப் அல்லது யூடெவ் விதிகள் வழியாக மட்டும் வந்தால் போதாது. டிஸ்க் குரூப்பின் கம்பேட்டிபிலிட்டி 12.2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு "ட்ரூ போட்டாயிற்று, இன்னும் இடம் வரவில்லை" என்பவர்கள் உண்டு. வராது. ரீபேலன்ஸ் கட்டளையில் வித் பேலன்ஸ் காம்பேக்ட் என்று வெளிப்படையாகக் கேட்டால்தான், காம்பேக்ட் கட்டம் முடிந்த பிறகு காலிப் பகுதியை அரேக்குத் தெரிவிக்கும். ஃபைலை அழித்த கணமே அன்மேப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்கும் முன், சர்வரில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை பெரிய எழுத்து டி (-D) ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். அந்த டிஸ்குக்கு டிஸ்கார்ட் அளவு பூஜ்யம் என்று காட்டினால், கீழே எதுவும் போகாது. அரேக்கான தனி பாத்தில் சரியாகக் காட்டி, பல பாத்களைச் சேர்த்த மல்டிபாத் டிவைஸில் பூஜ்யம் என்று காட்டுவதும் உண்டு. ஏஎஸ்எம் பயன்படுத்துவது மல்டிபாத் டிவைஸை என்பதால் அங்கே என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு.

எங்களுடையது பழைய பதிப்பு, ஜீரோ டிடெக்டும் இல்லை. வழியே கிடையாதா?

உண்டு, என் விருப்பமும் இதுதான். புதிய தின் லன்கள் வாங்கி, ஒரே ஆல்டர் கட்டளையில் புதியவற்றைச் சேர்த்துப் பழையவற்றை ட்ராப் செய்யுங்கள். ரீபேலன்ஸ் பயன்பாட்டில் உள்ள அலொகேஷன் யூனிட்டுகளை மட்டும் புதிய லன்னுக்கு எடுத்துப் போகும். காலி இடத்தை நகலெடுக்காது. முடிந்ததும் பழைய லன்களை அரேயில் அழித்துவிட்டால் அவை பிடித்து வைத்திருந்த அனைத்தும் பூலுக்குத் திரும்பும். எந்தப் பதிப்பிலும், எந்த அரேயிலும் நடக்கும், டேட்டாபேஸை நிறுத்த வேண்டாம். ஒரே தேவை, நகரும்போது டேட்டா இரண்டு இடத்திலும் இருப்பதற்குப் பூலில் இடம் வேண்டும். பூல் 97 சதவீதம் ஆன பிறகு இந்த யோசனை வந்தால் பயனில்லை.

சேர்ப்பதையும் ட்ராப் செய்வதையும் இரண்டு தனிக் கட்டளைகளாகக் கொடுத்தால் ரீபேலன்ஸ் இரண்டு முறை ஓடக்கூடும். ஒன்றாகக் கொடுங்கள்.

இடம் தீர்கிறது. புதிய லன் சேர்ப்பதா, இருக்கும் லன்னைப் பெரிதாக்குவதா?

தின்னில் பெரிதாக்குவதே மேல். ஒரு கணக்கு: நான்கு லன், ஒவ்வொன்றிலும் 300 ஜிபி, மொத்தம் 1.2 டிபி. ஐந்தாவது லன்னைச் சேர்த்தால், ஒவ்வொன்றிலும் 240 ஜிபி இருக்கும்படி ஏஎஸ்எம் சமன் செய்யும். புதிய லன்னுக்கு 240 ஜிபி போகும். அரே அதற்குப் புதிதாக 240 ஜிபி ஒதுக்கும். பழைய நான்கிலும் 60 ஜிபி வீதம் காலி ஆனது அரேக்குத் தெரியாது. ஒரு பைட் புதிய டேட்டா இல்லாமல் பூலில் 1.2 டிபி, 1.44 டிபி ஆகிவிட்டது.

அரேயில் எல்லா லன்னையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி, சர்வரில் ரீஸ்கேன் செய்து, ஏஎஸ்எம்மில் ரீசைஸ் ஆல் கொடுத்தால், ஏற்கெனவே சமமாக இருக்கும் டேட்டா சமமாகவே இருக்கும், நகர வேண்டியதில்லை. எல்லா லன்னும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விடாதீர்கள். 12.1-க்கு முந்தைய கம்பேட்டிபிலிட்டி உள்ள டிஸ்க் குரூப்பில் ஒரு டிஸ்க் 2 டிபியைத் தாண்ட முடியாது. அந்த நிலையில் புதிய லன் தவிர வேறு வழியில்லை.

அரேயின் பேஜ் அளவு எனக்கு ஏன் முக்கியம்?

ஒரு பேஜில் ஒரு துளி டேட்டா இருந்தாலும் அரே அந்தப் பேஜை விடாது. த்ரீபாரில் பேஜ் 16 கேபி. ஈஎம்சி விமேக்ஸில் தின் எக்ஸ்டெண்ட் 768 கேபி. ஹிட்டாச்சியின் டைனமிக் ப்ரொவிஷனிங்கில் 42 எம்பி. 1 எம்பி அலொகேஷன் யூனிட் வைத்திருக்கும் ஏஎஸ்எம், ஹிட்டாச்சியில் அடுத்தடுத்த 42 யூனிட்டுகளைக் காலி செய்தால்தான் ஒரு பேஜ் திரும்பும். 41 காலி, ஒன்றில் ஒரு சின்ன கண்ட்ரோல் ஃபைல் துண்டு என்றால் 42 எம்பியும் போனதுதான். காம்பேக்ட் செய்யாமல் இடம் மீட்க முயல்வது பெரிய பேஜ் அரேக்களில் வீண் வேலை என்பதற்கு இதுதான் காரணம். 16 கேபி அரேயில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பூல் முழுக்க நிரம்பிவிட்டால் டேட்டாபேஸுக்கு என்ன ஆகும்?

முதலில் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும், அதுதான் குழப்பம். ஏற்கெனவே பேஜ் ஒதுக்கப்பட்ட இடத்தில் மேலெழுதுவது பல அரேக்களில் தொடர்ந்து நடக்கும். பழைய வரிசைகளை அப்டேட் செய்யலாம், ரீடூ சுற்றும், யூசர்கள் வேலை செய்வார்கள். இதுவரை தொடாத ஒரு முகவரிக்கு எழுத்து போகும் கணத்தில்தான் அடி விழும். பெரும்பாலும் அது ஆர்க்கைவ் லாக்காக இருக்கும், அல்லது ஆட்டோஎக்ஸ்டெண்ட் ஆகும் டேட்டாஃபைலாக இருக்கும். மேலெழுதினாலும் புதிய இடத்தில் எழுதும் வகை அரே என்றால் இந்தச் சலுகை காலமும் கிடையாது. சில அரேக்கள் லன்னையே ஆஃப்லைன் ஆக்கிவிடும்.

ஸ்கசி தரத்தில் இதற்கென்று தனி பதில் உண்டு: டேட்டா ப்ரொடெக்ட் என்ற சென்ஸ் கீயோடு 27/07 என்ற குறியீடு, இட ஒதுக்கீடு தோற்றதால் எழுத முடியவில்லை என்று பொருள். கர்னல் லாகில் அது தெரியும். ஆனால் டேட்டாபேஸ் வரை வந்து சேரும்போது அது வெறும் ஐ/ஓ எரராக மாறியிருக்கும். ஓஆர்ஏ-15080, அதன்பின் ஓஆர்ஏ-15130, டிஸ்க் குரூப் டிஸ்மவுண்ட், டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸும் விழுந்துவிடும். ஏஎஸ்எம் தானாகப் பிரதி வைக்காத எக்ஸ்டர்னல் ரிடண்டன்சியில் எழுத்துத் தோல்வி என்றால் ஏஎஸ்எம்முக்கு வேறு போக்கிடம் இல்லை.

நள்ளிரவில் எழுந்து பார்க்கும் டிபிஏ டிஸ்க் குரூப்பில் 40 சதவீதம் காலி என்று பார்ப்பார். இடப் பிரச்சினை என்று அவர் மனதில் தோன்றவே தோன்றாது. கேபிள், எச்பிஏ (சர்வரின் ஸ்டோரேஜ் கார்டு), மல்டிபாத் என்று தேடிக்கொண்டிருப்பார். உண்மையான இடப் பற்றாக்குறை என்றால் ஏஎஸ்எம் ஓஆர்ஏ-15041 என்று கண்ணியமாகச் சொல்லும். டேட்டாபேஸ் விழாது, அந்த ஒரு வேலை மட்டும் தோற்கும். தின் பூல் தீர்ந்தால் அந்தக் கண்ணியம் கிடைக்காது. டிஸ்க் குரூப்பில் இடம் இருந்தும் எழுத்து எரர் வந்தால், முதல் ஃபோன் ஸ்டோரேஜ் குழுவுக்குப் போகட்டும்.

நார்மல் ரிடண்டன்சி இருந்தால் தப்பலாமா?

ஏஎஸ்எம் இரண்டு பிரதிகளையும் பிரித்து வைக்கும் இரண்டு ஃபெயில்குரூப்பும் ஒரே பூலிலிருந்து வந்திருந்தால் தப்ப முடியாது. இரண்டும் ஒன்றாகவே போகும். போதாக்குறைக்கு எல்லாம் இரண்டு பிரதி என்பதால் பூல் இரண்டு மடங்கு வேகத்தில் நிரம்பியிருக்கும். இரண்டு தனி அரே என்றால் ஒன்று நிரம்பும்போது அந்தப் பக்க டிஸ்குகள் ஆஃப்லைன் ஆகி, மறுபக்கம் ஓடும்.

அரே ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம். அது இதில் குறுக்கிடுமா?

நன்றாகவே குறுக்கிடும். அன்மேப் அனுப்பினாலும், ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் பேஜ் அந்த ஸ்னாப்ஷாட் காலாவதி ஆகும்வரை பூலுக்கு வராது. அதைவிட மோசம், காம்பேக்ட் ரீபேலன்ஸ் டேட்டாவை நகர்த்தும்போது அரே அதைப் புதிய மாற்றமாகவே பார்க்கும். ஸ்னாப்ஷாட் இடம் வீங்கும். அரே ரெப்ளிகேஷன் இருந்தால் நகர்ந்தவை எல்லாம் டிஆர் (பேரிடர் மீட்பு) லிங்க் வழியாகவும் போகும். இடம் மீட்கும் வேலைக்கு முன் பழைய ஸ்னாப்ஷாட்களைக் கழித்துவிடுவது நல்லது.

விஎம்வேரில் என்றால்?

விஎம்வேரின் விஎம்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் மேல் ஆர்ஏசி (பல சர்வர்கள் பகிரும் ஒரே டேட்டாபேஸ்) டிஸ்குகளைப் பகிர்ந்துகொள்ள மல்டிரைட்டர் போடும்போது, முன்பே பூஜ்யம் எழுதி முழுக்க ஒதுக்கும் ஈகர் ஜீரோட் திக் விஎம்டிகே (மெய்நிகர் டிஸ்க் ஃபைல்) கேட்கும். அந்த அடுக்கில் தின் கிடையாது. கீழே அரே பூஜ்யங்களை ஒதுக்காமல் விட்டால் அங்கே தின்னாகவே இருக்கும். ஒற்றை இன்ஸ்டன்ஸ் என்றால் தின் விஎம்டிகே போடலாம். ஆனால் டேட்டாஸ்டோரும் தின், அரேயும் தின் என்று இரண்டு இடத்தில் கடன் வைத்தால் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

ஏஎஸ்எம் இல்லாத டேட்டாபேஸ்களுக்கும் இதே பாடுதானா?

கொஞ்சம் எளிது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் எல்லாம் ஃபைல்சிஸ்டத்தில் ஃபைலாக இருப்பவை. டேபிளை ட்ராப் செய்தால் அதன் ஃபைலே போய்விடும். பிறகு எஃப்எஸ்டிரிம் ஓட்டினால் எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டுமே காலி இடத்தை அரேக்குச் சொல்லிவிடும். ஆனால் வெறும் டெலீட் செய்து வேக்யூம் ஓட்டினால் போஸ்ட்கிரெஸிலும் ஃபைல் பெரும்பாலும் சுருங்காது. எஸ்கியூஎல் சர்வரில் இன்ஸ்டன்ட் ஃபைல் இனிஷியலைசேஷன் இருந்தால் 500 ஜிபி டேட்டாஃபைல் உருவாக்கினாலும் எழுத்து போகாது, தின்னுக்கு அருமையான ஏற்பாடு.

லினக்ஸின் எல்விஎம் தின் பூலில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டோஎக்ஸ்டெண்ட் த்ரெஷோல்டின் இயல்பு மதிப்பு 100, அதாவது தானாக வளராது. பூல் நிரம்பினால் எழுத்துகளை 60 விநாடி காத்திருக்க வைத்துவிட்டு, பிறகு எரர் கொடுக்கும். டேட்டாபேஸ் வைக்கும் முன் அந்த மதிப்பை மாற்றுங்கள்.

எதைக் கண்காணிப்பது? 80 சதவீத அலர்ட் போதுமா?

போதாது. 10 டிபி பூலில் 80 சதவீதம் என்றால் 2 டிபி மீதி. தினம் 50 ஜிபி ஏறினால் 40 நாள். தினம் 500 ஜிபி ஏறினால் நான்கு நாள், நடுவில் பொங்கல் விடுமுறை வேறு. சதவீதத்தைவிட ஏறும் வேகம்தான் எச்சரிக்கைக்கு உரியது.

டிஸ்க் குரூப் வாரியாக இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏஎஸ்எம் கணக்கில் பயன்பாட்டில் உள்ளது, அரே கணக்கில் அந்த லன்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதலாவது 2 டிபி, இரண்டாவது 3.5 டிபி என்றால் 1.5 டிபி மீட்கத் தக்கது. இடைவெளி 100 ஜிபி என்றால் மீட்க எதுவும் இல்லை, புதிய டிஸ்க் வாங்கத்தான் வேண்டும். காம்பேக்ட் ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கம்ப்ரஷன் உள்ள அரேயில் சுருங்குவதற்கு முந்தைய எண்ணை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு பொய் சொல்லும்.

பூல் அலர்ட் ஸ்டோரேஜ் குழுவுக்கு மட்டும் போகும் இடங்களில் நான் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸைத் தின்னில் வைக்கச் சொல்ல மாட்டேன். டிபிஏவுக்கும் அந்த மெயில் வர வேண்டும். பூலில் உங்கள் மிகப்பெரிய டேட்டாபேஸை ஒருமுறை ரீஸ்டோர் செய்யும் அளவு இடமும் எப்போதும் மீதி இருக்க வேண்டும்.

டிஸ்க் குரூப்பிலிருந்து ட்ராப் செய்த லன்னை பிஎல்கேடிஸ்கார்ட் ஓட்டிக் காலி செய்யலாமா?

செய்யலாம், ரீபேலன்ஸ் முழுக்க முடிந்து வி$ஏஎஸ்எம்_டிஸ்க் வியூவில் ஹெடர் ஸ்டேட்டஸ் ஃபார்மர் என்று மாறிய பிறகு. ட்ராப்பிங் என்று காட்டும்வரை டேட்டா இன்னும் உள்ளே இருக்கிறது. பிஎல்கேடிஸ்கார்ட் பொதுவாக எதையும் கேட்காது, சில விநாடிகளில் முழு லன்னையும் துடைத்துவிடும். ஏஎஸ்எம் டிஸ்க் என்று கண்டு அது தடுக்கும் என்று நம்பாதீர்கள். டிவைஸ் பெயரை நம்பாமல், லன்னின் தனி அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூஐடியை இரண்டு பேர் ஒத்துப் பாருங்கள். ஆர்ஏசி என்றால் எல்லா நோடிலும் பாருங்கள்; ஒரு நோடில் எஸ்டிபி என்று இருப்பது இன்னொன்றில் எஸ்டிடி ஆக இருக்கும். லன்னையே அரேயில் அழிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டளையே தேவையில்லை.